கேமராவை ஆன் பண்ணச் சொல்லுவாங்க, கேட்டியா!

சோழிங்கநல்லூர்,
ஞாயிறு மத்தியானம்.

என் ராசாத்தி,

"இப்பல்லாம் இண்டர்வியூ எப்படிட்டி நடக்கு?" என்று ஒற்றை வரியை வாட்ஸப்பில் தட்டிவிட்டு நீ பாட்டுக்கு அடுப்படிக்குப் போயிருப்பாய், எனக்கல்லவா அன்று ராத்திரி தூக்கம் போச்சு. இதற்கு ஒரு வரியில் என்னத்தைப் பதில் சொல்ல? 'நல்லா நடக்கு' என்றால் பொய். 'நாசமாப் போச்சு' என்றால் நீ பயந்துபோய் மறுபடியும் அத்தையோடு சேர்ந்து வத்தல் போட உட்கார்ந்துவிடுவாய். குரல் பதிவு அனுப்பலாம் என்றால் எனக்கு வாய் நீளம், பாதியில் எதற்கு ஆரம்பித்தேன் என்பதே மறந்துபோகும். அதனால்தான் இவர் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் குறட்டை விடுகிற நேரமாகப் பார்த்து, பிள்ளையைக் கீழ் வீட்டுக்கு விளையாட விரட்டிவிட்டு, சாவகாசமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். அங்கே சாரல் விழ ஆரம்பித்துவிட்டதாமே, அம்மா போனில் சொன்னாள். கொடுத்து வைத்தவள்டி நீ. இங்கே வெக்கையில் வீட்டுக்குள் நிற்க முடியவில்லை, ஏ.சி.யைப் போட்டாலோ கரண்ட் பில்லை நினைத்து வேர்க்கிறது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மறுபடியும் சோலிக்குப் போகலாம் என்று உனக்குத் தோன்றினதே எனக்கு அவ்வளவு சந்தோஷம். குட்டிப்பயல் எல்.கே.ஜி. போக ஆரம்பித்துவிட்டான், இனிமேல் என்ன? "இத்தனை வருஷம் வீட்ல இருந்தவளை எவன் எடுப்பான்" என்று உன் மதினி சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு புழுங்காதே. ஐ.டி.யில் பத்து வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டின என்னையே போன வருஷம் பிராஜெக்ட் முடிந்துவிட்டது என்று பெஞ்சில் உட்காரவைத்து, கொஞ்ச நாளில் "நீங்களே எழுதிக் குடுத்துட்டா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்று தேன் ஒழுகப் பேசி அனுப்பிவிட்டார்கள் அல்லவா. அதற்கப்புறம் நான் ஏறி இறங்கின இண்டர்வியூக்களை வைத்துச் சொல்கிறேன், வீட்டில் இருந்தவளுக்கும் விடாமல் வேலை பார்த்தவளுக்கும் இங்கே ஒரே கதிதான். வேலையில் நாம் செய்ததை எவனும் கேட்பதில்லை. அவன் முன்னால் உட்கார்ந்து, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் கேட்டதைச் செய்து காட்ட முடியுமா என்பதுதான் கேள்வி. அது தனியாக ஒரு வித்தை. வேலை தெரிவதற்கும் அதற்கும் சம்பந்தம் கொஞ்சம்தான்.

வேலை தேடுகிற நௌக்ரி தளத்தில் என் புரொஃபைலைத் தூசி தட்டி 'அப்டேட்' அழுத்தினேன், அவ்வளவுதான், மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதே போன். பேர் சரிதானா என்றுகூடக் கேட்கவில்லை அந்தப் பெண், "மேம், நோட்டீஸ் பீரியட் எவ்ளோ?" என்றுதான் ஆரம்பித்தாள். பெரிய கம்பெனிகளில் 90 நாள் நோட்டீஸ் என்று வைத்துவிட்டு, ஆள் எடுக்கும்போது மட்டும் பதினைந்து நாளில் வந்து சேருகிறவள்தான் வேண்டுமாம். எல்லாருமே தன் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்தவன் ஆளை உடனே வா என்றால் யார்தான் எங்கே வர முடியும் சொல்லு? இதில் உனக்கு ஒரு யோகம், நீ நாளைக்கே வருவாய். அவர்கள் பாஷையில் 'இமிடியட் ஜாயினர்'. அதை ரெஸ்யூமில் மேலேயே போட்டுவிடு, கூச்சப்படாதே.

போனுக்கு அடுத்தது ஆன்லைன் டெஸ்ட். நாம் காலேஜில் கேம்பஸுக்கு உட்கார்ந்தபோது பேப்பரில் வட்டம் போட்டு ஆப்டிட்யூட் எழுதினோமே, ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை வினாடி, மூணு பேர் சேர்ந்து சுவரைக் கட்ட எத்தனை நாள் என்று, அதெல்லாம் ஃப்ரெஷர்களுக்கு இன்னும் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு ஹேக்கர்ரேங்க் மாதிரி ஒரு தளத்தில் லிங்க் அனுப்புவார்கள், அங்கே புரோகிராம் எழுத வேண்டும். அந்த ஹேக்கர்ரேங்க்கை ஆரம்பித்தது யார் தெரியுமா, நம்ம திருச்சி என்.ஐ.டி.யில் படித்த ரெண்டு பையன்கள். உலகத்தில் இருக்கிற புரோகிராமர்களையெல்லாம் பரீட்சை எழுதவைக்கிற வேலையை நம்ம பக்கத்து ஆட்கள்தான் கையில் எடுத்திருக்கிறார்கள், பெருமைப்படுவதா வயிறெரிவதா தெரியவில்லை. பரீட்சை முழுக்கக் கேமரா நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். யோசிக்கும்போது விட்டத்தைப் பார்ப்பது எனக்குச் சின்ன வயசுப் பழக்கம், உனக்குத்தான் தெரியுமே. அப்படிப் பார்த்தால் 'திரையை விட்டுப் பார்வையை விலக்காதீர்கள்' என்று சிவப்பில் எச்சரிக்கை வருகிறது. விட்டத்தில் விடையை எழுதி ஒட்டி வைத்திருக்கிறேனாக்கும், சவம்!

கேள்விகள் எங்கிருந்து வருகின்றன என்றால், லீட்கோட் என்று ஒரு தளம் இருக்கிறது. இப்போது மூவாயிரத்துக்கு மேல் கணக்குகள் அதில் கிடக்கின்றன, பிள்ளைகள் ராத்திரி பகலாக அதைத்தான் உருப்போடுகிறார்கள். அதற்கு முன்னால் கெய்ல் லாக்மன் மெக்டவல் என்கிற அம்மாள் 2008ல் எழுதின 'கிராக்கிங் த கோடிங் இண்டர்வியூ' புத்தகம்தான் எல்லாருக்கும் கைவிளக்கு. அதன் ஆறாம் பதிப்பில் 189 கேள்விகள். நம் ரூமில் அந்த எம்.சி.ஏ. அக்கா தலையணைக்கடியில் வைத்திருப்பாளே, அதேதான். இப்போது அதைப் படித்தால் போதாது. கேட்கிறவனும் அதே இடத்தில்தான் கேள்வி எடுக்கிறான், பதில் சொல்கிறவனும் அதே இடத்தில்தான் மனப்பாடம் பண்ணுகிறான். பிறகு ரெண்டு பேரும் சேர்ந்து இப்போதுதான் முதல்முறையாக அந்தக் கணக்கைப் பார்க்கிற மாதிரி நாடகம் போட வேண்டும். "ம்ம்ம்... லெட் மீ திங்க்" என்று நெற்றியைத் தேய்க்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

ஒரு கணக்கை மட்டும் உனக்கு விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எங்கே போனாலும் வருகிறது. எல்.ஆர்.யூ. கேஷ் என்று பேர். நம்ம அடுப்படி அலமாரியில் முன்வரிசையில் ஆறு டப்பாதான் வைக்க இடம் இருக்கிறது என்று வை. எடுத்து உபயோகித்த டப்பாவை எப்போதும் வலது ஓரத்தில் வைக்கிறாய். புதுசாக ஒன்று வாங்கி வந்தால், ரொம்ப நாளாகக் கை படாமல் இடது ஓரத்தில் கிடக்கிற டப்பாவைத் தூக்கிப் பரணில் போடுகிறாய். அவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் டப்பாவைத் தேடுவதும் சரி, புதுசு வைப்பதும் சரி, ஆறு டப்பா இருந்தாலும் ஆறு லட்சம் டப்பா இருந்தாலும் ஒரே அளவு நேரத்தில் நடக்க வேண்டும் என்பான். அதற்கு ஒரு ஹேஷ்மேப், கூடவே முன்னும் பின்னும் கை கோத்த லிங்க்ட் லிஸ்ட், ரெண்டையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஹேஷ்மேப் டப்பா எங்கே என்று சொல்லும், லிங்க்ட் லிஸ்ட் வரிசையைக் காப்பாற்றும். ஜாவாவில் லிங்க்ட்ஹேஷ்மேப் என்று ஒன்று இதற்கென்றே ஆயத்தமாக இருக்கிறது, நான் வேலையில் அதைத்தான் எத்தனையோ தரம் உபயோகப்படுத்தியிருக்கிறேன். அதை எடுத்தேன். எதிரே இருந்த தம்பி (உன் கடைசித் தம்பி வயசுதான் இருக்கும், என்னைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டான், அது கிடக்கட்டும்) "நோ நோ, ஃப்ரம் ஸ்க்ராட்ச்" என்றான். சரி என்று ஆரம்பித்தேன். நான் ஒவ்வொரு எழுத்தாக அடிப்பதை அவன் அங்கே தன் திரையில் பார்க்கிறான், இடையிடையே "ம்", "ஓகே", அப்புறம் ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு என்னை நினைத்தா, அவன் வீட்டு விஷயமா, யாருக்குத் தெரியும்? ஆனால் அதைக் கேட்டதும் விரல் நின்றுபோச்சு. லிஸ்ட்டில் ஒரு கணுவை எடுத்துவிட்டால் அதற்கு முன்னால் இருப்பதை எதோடு சேர்க்க வேண்டும் என்பது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் சொல்லக்கூடியது, கண்ணுக்கு முன்னாலேயே கரைந்து போகிறது. நாற்பத்தைந்து நிமிஷம் முடிந்ததும் "வீ வில் கெட் பேக் டு யூ" என்றான். இந்த வாக்கியத்துக்கு இங்கே ஒரே அர்த்தம்தான், உனக்கும் தெரியும்.

அன்றைக்கு மனசு எவ்வளவு கனத்துப்போச்சு என்று சொன்னால் நீ கோட்டி என்பாய். இத்தனை வருஷம் பேங்குக்காரனுக்கும் இன்ஷூரன்ஸ்காரனுக்கும் எழுதிக் கொடுத்த கோடெல்லாம் எங்கோ ஒரு சர்வரில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நான் இங்கே ஒரு லிங்க்ட் லிஸ்ட்டைக் கட்டத் தெரியாதவள் ஆகிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இது பெரிய ஆட்களுக்கே நடந்திருக்கிறது. ஆப்பிள் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறவர்கள் 'ஹோம்ப்ரூ' என்று ஒரு மென்பொருள் போட்டுக்கொள்வார்களே, அதை எழுதின மேக்ஸ் ஹோவல் 2015ல் கூகுள் இண்டர்வியூவுக்குப் போய், உங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் உபயோகிப்பது நான் எழுதினதைத்தான், ஆனால் பலகையில் ஒரு பைனரி ட்ரீயைத் தலைகீழாகத் திருப்பத் தெரியவில்லை என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்கிற மாதிரி ட்விட்டரில் போட்டு, ஊரே அதைப் பேசிற்று. அதே கூகுளில் ஆள் எடுக்கிற பிரிவுக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்து அடைக்கலாம் என்கிற மாதிரியான புதிர்க் கேள்விகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை, கேட்கிறவனுக்குத் தான் புத்திசாலி என்று ஒரு நினைப்பு வருவதுதான் மிச்சம் என்று 2013ல் நியூயார்க் டைம்ஸிடம் சொன்னார். அவர்கள் விட்டுவிட்டார்கள். இங்கே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக் குட்டிக் கம்பெனி ஒன்றில் என்னிடம் சாக்கடை மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று கேட்டார்கள்டி! மழைக்காலத்தில் எங்கள் தெருவில் மூடியே இல்லை என்று சொல்லலாமா என்று வாய் வரை வந்துவிட்டது.

இதைவிட என் மனசைத் தொட்ட ஒரு சேதி இருக்கிறது, கேளு. 2020ல் அமெரிக்காவில் நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக ஆட்களும் மைக்ரோசாஃப்ட் ஆட்களும் சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணினார்கள். கம்ப்யூட்டர் படிக்கிற 48 மாணவர்களை எடுத்து, பாதிப் பேரைப் பலகை முன்னால் நிறுத்தி, பக்கத்தில் ஒருத்தர் நின்று பார்க்க, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிக் கணக்குப் போடச் சொன்னார்கள். மீதிப் பேரை அதே கணக்கோடு தனி அறையில் விட்டுவிட்டார்கள். ஆள் பார்க்கும்போது போட்டவர்களின் திறமை பாதிக்கும் கீழே இறங்கிப்போச்சாம். அதில் பெண் பிள்ளைகள் கதை இன்னும் சுவாரசியம். பார்வைக்கு முன்னால் போட்டவர்களில் ஒரு பெண்ணுக்குக்கூடச் சரியாக வரவில்லை, தனி அறையில் போட்ட பெண்கள் அத்தனை பேருக்கும் சரியாக வந்தது. எண்ணிக்கை கொஞ்சம்தான், இதை வைத்து முடிவு கட்டக் கூடாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், சரிதான். ஆனால் நான் அதைப் படித்ததும் அந்தப் பெருமூச்சுத் தம்பியை நினைத்துக்கொண்டேன். உலகத்தில் எந்த ஆபீஸிலும் எனக்குப் பின்னால் ஒருத்தன் நின்று பெருமூச்சு விட விட நான் கோட் எழுதினதில்லையே!

எல்லாமே அழுகை என்று நினைத்துவிடாதே. சிஸ்டம் டிசைன் என்று ஒரு ரவுண்டு இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கும், உனக்கும் பிடிக்கும், ஏனென்றால் அதில் பேசலாம்! ஒரு இடத்தில் என்னிடம் தட்கல் டிக்கெட் புக்கிங்கை வடிவமைக்கச் சொன்னார்கள். அடேயப்பா, அதைப் போய் என்னிடமா கேட்பது? தீபாவளிக்குப் பொதிகையில் ஸ்லீப்பருக்காகக் காலை பதினோரு மணிக்கு விரலைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளங்கை வேர்த்தவள் அல்லவா நான். ஏ.சி.க்குப் பத்து மணி, மற்றதற்குப் பதினோரு மணி என்று பிரித்து வைத்திருப்பதே கூட்டத்தைச் சமாளிக்கிற ஒரு வழிதான் என்று ஆரம்பித்தேன். ஒரே பெர்த்தை ரெண்டு பேருக்குக் கொடுத்துவிடக் கூடாது, அதனால் பணம் கட்டுகிறவரை அந்த இடத்தைப் பூட்டி வைக்க வேண்டும், பூட்டியே வைத்திருந்தால் கட்டாமல் போனவனால் இன்னொருத்தனுக்கு இடம் போகும், அதனால் பூட்டுக்கு ஒரு கெடு வேண்டும், பேங்கில் பணம் போய்விட்டு டிக்கெட் வராமல் நிற்கிற அந்தக் கொடுமைக்கு என்ன பண்ணுவது, வருகிறவர்களையெல்லாம் உள்ளே விடாமல் வாசலிலேயே வரிசை கட்டி நிறுத்துவது எப்படி, என்று நான் பாட்டுக்குப் பேச, எதிரே இருந்த அந்தப் பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "பேமெண்ட் கேட்வே ரெண்டு தரம் சக்ஸஸ்னு சொன்னா?" என்று தூண்டித் தூண்டிக் கேட்டார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அவர் ஊர் அம்பாசமுத்திரமாம், கடைசியில்தான் சொன்னார். அந்தச் சோலிதான் கிடைத்தது. ஊர்ப்பாசத்தில் கொடுத்தார் என்று இவர் கேலி பண்ணுகிறார், பண்ணட்டும்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு செரிக்காது. சனிக்கிழமை வாக்-இன் என்று காலை ஒன்பதுக்கே வரச் சொல்லுவார்கள். மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆரில் ஒன்பது மணிக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் நீ ஏழுக்கே கிளம்ப வேண்டும். போனால் டோக்கன் கொடுத்து ஒரு ஹாலில் உட்காரவைத்து, மூணு மணிக்கு "உங்க பேனல் கிளம்பிட்டாரே" என்பார்கள். அங்கே எனக்குப் பக்கத்தில் ஒரு பையன், தேனிப் பக்கம், ராத்திரி பஸ்ஸில் வந்தவன், பஸ் ஸ்டாண்டிலேயே குளித்துச் சட்டை மாற்றியிருக்கிறான், பையில் இருந்த முறுக்கை எனக்கும் கொடுத்தான். அவனையும் கூப்பிடவில்லை. அடுத்தது, நாலு ரவுண்டு முடித்து, கடைசியாக மேனேஜர் கை குலுக்கி "வெல்கம்" என்று சொன்ன பிறகு, போனை எடுக்காமல் இருக்கிறது ஒரு கூட்டம். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும்? நாலு நாள் கழித்துக் கேட்டால் 'பொசிஷன் ஆன் ஹோல்ட்' என்று ஒரு வரி.

எச்.ஆர். ரவுண்டில் உன்னிடம் கட்டாயம் கேட்கப்போவது ஒன்று உண்டு. நேராகக் கேட்க மாட்டார்கள், "வீட்ல சப்போர்ட் எப்படி?" என்பார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் லீவ் போடுவாயா என்பதுதான் அதற்கு உள்ளர்த்தம். இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்கிற யோசனை உண்டா என்பதையும் சிரித்துக்கொண்டே கேட்டவர்கள் உண்டு. 2017ல் சட்டத்தைத் திருத்திப் பிரசவ விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கினார்களே, அம்பது பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற இடத்தில் பிள்ளை பார்த்துக்கொள்ளக் காப்பகம் வைக்க வேண்டும் என்றார்களே, நல்ல சட்டம்தான். ஆனால் அந்த 26 வாரச் சம்பளத்தை முதலாளி தலையிலேயே கட்டிவிட்டதால் சில பேர் வாசலிலேயே கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள். "என் கணவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கீங்களா?" என்று ஒருத்தியிடம் கேட்டுவிட்டேன். நீ அப்படியெல்லாம் கேட்காதே, "எல்லாம் ஏற்பாடு ஆகிவிட்டது" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போ. வேலை கைக்கு வந்த பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இப்போது கூத்தைக் கேளு. சேர்ந்து கொஞ்ச மாதத்திலேயே என்னையும் பேனலில் போட்டுவிட்டார்கள்! நான் கேட்கிற பக்கம் உட்கார்ந்திருக்கிறேன்டி. இந்தப் பக்கத்துக் கஷ்டம் வேறு மாதிரி. ஏ.ஐ. வந்த பிறகு யாரை நம்புவது என்றே தெரியவில்லை. ஒரு பையன் கேள்வியைத் திரும்ப ஒருமுறை சத்தமாகப் படிப்பான், கொஞ்சம் இருமுவான், அப்புறம் கண்ணு இடமிருந்து வலம், இடமிருந்து வலம் என்று ஓடும், பதில் கட்டுரை மாதிரி வரும். இண்டர்வியூவுக்கு ஒருத்தன், வேலையில் சேர வேறொருத்தன் என்று ஆள்மாறாட்டமும் உண்டு, அதனால் பேச ஆரம்பிக்கும்போதே முகத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறோம். நம்ம மதுரைக்காரர் சுந்தர் பிச்சையே 2025ல், ஒரு ரவுண்டாவது நேரில் உட்காரவைத்துக் கேட்பது என்று கூகுளில் கொண்டு வருகிறோம் என்று சொல்லிவிட்டார். ஆக, வீட்டிலிருந்தே இண்டர்வியூ என்கிற சௌகரியமும் கைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. கைக்குழந்தைக்காரிகளுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரமாக இருந்தது!

போன வாரம் ஒரு பெண் வந்தாள், விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு. அறையில் ஃபேன் 'கடக் கடக்' என்று சுற்றுகிறது, பின்னால் யாரோ குக்கரை இறக்குகிற சத்தம். கணக்கு என்னமோ சின்னதுதான், அடைப்புக்குறிகள் சரியாகத் திறந்து மூடியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்; திறந்ததையெல்லாம் ஒரு ஸ்டாக்கில் அடுக்கிக்கொண்டே போய், மூடுவது வரும்போது மேலே இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் முடிந்தது. அந்தப் பிள்ளை ரெண்டு வரி அடிக்கிறாள், அழிக்கிறாள், அடிக்கிறாள், அழிக்கிறாள். "ஸாரி மேம், ஸாரி மேம்." எனக்குத் தாங்கவில்லை. "இரும்மா, நான் போய் டீ குடிச்சிட்டுக் கால் மணி நேரத்துல வாரேன், நீ பைய எழுதி வை" என்று என் கேமராவை அணைத்துவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் எழுதி முடித்து, எழுத்தே இல்லாத வெற்று வரி வந்தால் என்ன செய்வது என்பதையும் சேர்த்து வைத்திருந்தாள். கூட இருந்த பேனல்காரன், "சாட்ஜிபிடி எழுதியிருக்கும்" என்றான். எனக்கும் அந்தச் சந்தேகம் வராமல் இல்லை, பொய் சொல்வானேன். "சரி, இப்போ தப்பு எந்த எழுத்துல இருக்குன்னும் சொல்லணும், மாத்துவியா?" என்று கேட்டேன். ஸ்டாக்கில் எழுத்துக்குப் பதிலாக அது இருக்கிற இடத்தின் எண்ணை அடுக்கினாள், அதற்கேற்ப ஒப்பிடுகிற வரியையும் விடை சொல்லுகிற வரியையும் மாற்றினாள், மற்ற வரியைத் தொடவே இல்லை. தானாக எழுதினவளுக்குத்தான் எந்த வரியைத் தொட வேண்டும் என்று தெரியும். அடுத்த ரவுண்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்காதே, பேனலில் இருக்கிறவளுக்கே சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

சென்னைக்குத்தான் வர வேண்டும் என்றும் இல்லை, பார்த்துக்கோ. உங்க வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ இருக்கிறதே. 2011ல் தென்காசியில் சின்னதாக ஆபீஸ் போட்டபோது நம்ம ஊரிலா என்று நாம் சிரித்தோம். அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு அமெரிக்காவை விட்டுவிட்டு அங்கேயே வந்து குடியிருக்கிறார். அவர்கள் நடத்துகிற ஜோஹோ ஸ்கூலில் ப்ளஸ் டூ, டிப்ளமோ முடித்த பிள்ளைகளை எடுத்துக் காசு வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துச் சொல்லித் தருகிறார்கள். உன் நாத்தனார் மகனுக்கு மார்க்கு வரவில்லை என்று அழுதாளே, அவளிடம் சொல்லு. உனக்கும் அங்கே முயற்சி பண்ணிப் பார்ப்பதில் என்ன நஷ்டம், மத்தியானம் வீட்டுக்கு வந்தே சாப்பிடலாம்.

பணம் பேசும்போது மட்டும் வாயைக் கட்டு. "உங்க எதிர்பார்ப்பு என்ன" என்றால் முதலில் எண்ணைச் சொல்லாதே, "இந்த வேலைக்கு நீங்க எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க" என்று திருப்பிக் கேளு. சி.டி.சி. என்று பெரிசாக ஒரு தொகை காட்டுவார்கள், அதில் அவர்கள் பங்கு பி.எஃப்., கிடைத்தால் உண்டு என்கிற வேரியபிள், அஞ்சு வருஷம் இருந்தால்தான் கைக்கு வருகிற கிராஜுவிட்டி, ஒன்றும் விடாமல் சேர்த்துக் கட்டியிருப்பார்கள். மாசம் கைக்கு எவ்வளவு என்று மட்டும் கேளு. அப்புறம், பழைய ஆபீஸ் ரிலீவிங் லெட்டர் உன்னிடம் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே அவர்களுக்கு மெயில் போடு. பி.எஃப். யூ.ஏ.என். நம்பரையும் தேடி எடு, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் அதை வைத்துத்தான் எந்தத் தேதி வரை எங்கே இருந்தாய் என்று பார்க்கிறார்கள். உன் கல்யாணத்துக்கு முந்தின போன் நம்பரோடு அது இணைந்திருந்தால் மாற்றுவதற்கே ஒரு மாசம் அலைய வேண்டியிருக்கும், அதை இப்போதே தொடங்கு.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வீடியோவில் வா, நான் உன்னை இண்டர்வியூ பண்ணுகிறேன். எல்.ஆர்.யூ. கேஷ்தான் கேட்பேன், இப்போதே சொல்லிவிட்டேன். பெருமூச்சு விட மாட்டேன், சத்தியம். இவர் எழுந்து காபி கேட்கிறார், நான் போகிறேன்.

அத்தைக்கு என் நமஸ்காரம், குட்டிப்பயலுக்கு ஒரு முத்தம்.

உன்
வாயாடி

பி.கு.: அண்ணன்கிட்ட இப்பவே சொல்லி வை. நீ ஆன்லைன் டெஸ்ட் எழுதும்போது "வண்டிச் சாவி எங்கம்மா?" என்று அறைக்குள்ளே வந்து நிற்கக் கூடாது. கேமராவில் ரெண்டாவது முகம் தெரிந்தால் காப்பி அடிக்கிறாய் என்று குறித்து வைத்துவிடும். சாவி ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது என்று ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டிவிடு.